வண்டி ரோட்டுக்கு, நடை ஊருக்கு: வாசகர் கேள்வி பதில்

காலாண்டு லீவு நெருங்குகிறது என்பது வந்து குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. இந்த முறை பாதிக்கு மேல் வாடகைக் கார், டிரைவர், பழைய ஊர்கள் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை (தென்னையில் வெள்ளை ஈ பற்றி ஆனைமலைக்காரர் கேட்டது உட்பட) அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஏனுங்கண்ணா, லீவுக்கு மைசூர் போலாம்னு இருக்கறமுங்க. மாமனார், மாமியார், நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு பேரு, எங்க நங்கையா, ஆக ஏழு பேருங்க. டிராவல்ஸ்ல கேட்டா இன்னோவா தர்றோம், மூணு நாள்ல பன்னெண்டு இடம் காட்டறோம்னு லிஸ்ட் அனுப்பி இருக்காங்க. பணம் கட்டறதுக்கு முன்னால உங்களக் கேட்டுக்கலாம்னு எழுதறேன். (ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: அம்மிணி, பணம் கட்டும் முன்னால் கேட்டீர்களே, அதற்கே பாதி மார்க்.

முதலில் ஆள் கணக்கு. ஏழு சீட் வண்டி என்றால் டிரைவரையும் சேர்த்து ஏழு. எட்டு சீட் இன்னோவாவும் உண்டு, ஆனால் கடைசி வரிசையில் மூன்று பேரை உட்காரவைத்து திம்பம் ஏறினால் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவில் எத்தனையாவது வளைவில் வாந்தி என்பதுதான் கேள்வியாக இருக்கும். மாமனார் மாமியாருக்கு முழங்கால் வலி ஏதாவது இருந்தால் டெம்போ டிராவலரே மேல். வாடகை கூடும்தான், ஆனால் மூன்று நாளும் வீட்டில் சண்டை இருக்காது.

அடுத்தது காசு. ரேட்டை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள், மினிமம் கிலோமீட்டர் எவ்வளவு என்று கேளுங்கள். கணக்குக்காக ஒரு ரேட் வைத்துக்கொள்வோம்: கிலோமீட்டருக்கு 14 ரூபாய், நாளுக்கு மினிமம் 250 கிலோமீட்டர். கோபியிலிருந்து மைசூர் போக வர 320, அங்கே சுற்றுவது 150, ஆக 470 கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள், 6,580 ரூபாய்தானே என்று நினைப்பீர்கள். பில்லில் மூன்று நாளுக்கு 750 கிலோமீட்டர், 10,500 என்று வரும். ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, வெளியூர் வாடகையே அப்படித்தான். இதற்கு மேல் டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், மலை ஏறுவதற்குத் தனிக் காசு வாங்குவார்களென்றால் அது. கிலோமீட்டர் உங்கள் வீட்டு வாசலில் ஆரம்பிக்கிறதா, அவர்கள் ஷெட்டில் ஆரம்பிக்கிறதா என்பதும் ஒரு கேள்வி. நாள் என்பது 24 மணி நேரமா, ராத்திரி 12 மணிக்கு மாறிவிடுமா என்பது இன்னொன்று. 12 மணிக் கணக்கென்றால் கடைசி நாள் பன்னிரண்டே காலுக்கு வீட்டில் இறங்கினாலும் இன்னொரு நாள் வாடகை. அப்புறம் பர்மிட். நம்ம டி-போர்டு வாடகை வண்டி கர்நாடகாவுக்குள் போவதற்கு பர்மிட் வேண்டும். ஏற்கனவே ஆல் இந்தியா பர்மிட் போட்ட வண்டியா, இந்தப் பயணத்துக்கு மட்டும் எடுக்கிறார்களா, அந்தப் பணம் யார் தலையில் என்று கேளுங்கள். இத்தனையையும் வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு செக்போஸ்ட் தாண்டினால் மறந்துபோகும்.

இனி வழி. சத்தி, பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு, மைசூர். புலிகள் காப்பகத்துக்குள் போகும் ரோடு, இரவுப் போக்குவரத்துக்குக் கோர்ட் உத்தரவுப்படி தடை இருக்கிறது, அதனால் விடிந்துதான் ஏற வேண்டும். திரும்பும்போதும் பொழுதோடு காட்டைத் தாண்டிவிடும்படி மைசூரிலிருந்து மதியமே கிளம்பிவிடுங்கள். ஊட்டி வழியாகத் திரும்பலாமே என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். பந்திப்பூரிலும் இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்புதான், நீலகிரிக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். காராப்பள்ளம் பக்கம் யானை நின்றால் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கவேண்டாம். கரும்பு லாரிக்குப் பழகிய யானைகள் அவை, லாரி வரும் நேரம் தெரிந்து காத்திருந்து கட்டோடு உருவும். உங்கள் காரில் கரும்பு இல்லை என்று அதற்கு யார் சொல்வது?

பசங்களுக்கு இந்த வழியில் ஒரு கதை சொல்லலாம். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் மைசூர்ப் படையோடு இந்த மலையில் கஜலஹட்டி கணவாய் வழியாக இறங்கி, சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் கர்னல் ஃபிளாய்டின் கம்பெனிப் படையோடு மோதினார். கோயம்புத்தூர்ப் பக்கமெல்லாம் அப்போது மைசூர் ராஜ்ஜியம், 1799-ல் திப்பு இறந்த பிறகுதான் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. ஆக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நீங்கள் சுற்றிப் பார்க்கப் போவது யாரோ ஒருவருடைய தலைநகரை அல்ல, நம்முடைய பழைய தலைநகரைத்தான்.

லிஸ்ட்டுக்கு வருவோம். பன்னிரண்டில் ஐந்தை அடித்துவிடுங்கள். பட்டுச்சேலை ஷோரூமும் சந்தன எண்ணெய்க் கடையும் "இடம்" ஆகாது. மெழுகுச் சிலை மியூசியம் வேண்டாம். பிருந்தாவன் கார்டன், பசங்க அழுதால் மட்டும். பவானிசாகர் அணைப் பூங்காவில் ஓடி விளையாடி வளர்ந்தவர்களுக்கு அதில் பெரிய புதுமை இல்லை, சாயங்காலம் விளக்கு நீரூற்று முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே ரோட்டில் திரும்பும். ஐந்தாவது எது என்பதை மாமியாரிடம் விட்டுவிடுங்கள்.

மைசூர் ஊருக்குள் கார் தேவையில்லை, இதை நான் சொன்னால் டிராவல்ஸ்காரர்களுக்குப் பிடிக்காது. அரண்மனை, அதற்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் ஜெகன்மோகன் அரண்மனை ஓவியக்கூடம், வடக்கே தேவராஜ மார்க்கெட், எல்லாம் நடக்கிற தூரம், பெரியவர்களுக்கு ஆட்டோ. காலையில் அரண்மனையில் தெற்கு வாசலான வராக வாசல் பக்கம் இறங்கிக்கொண்டு டிரைவரை சாயங்காலம் வரை விட்டுவிடுங்கள், அவரும் தூங்கட்டும். 1897-ல் ஒரு கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோய், ஹென்றி இர்வின் என்ற கட்டடக்கலைஞர் வரைபடம் போட்டு 1912-ல் முடித்த கட்டடம் இது. எல்லோரும் தர்பார் மண்டபத்தில் அண்ணாந்து நிற்பார்கள். நீங்கள் கல்யாண மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். எட்டுப் பட்டைக் கூரை முழுக்க வண்ணக் கண்ணாடி, அதில் மயில்கள். வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில் பார்த்தால் அந்தப் பச்சையும் நீலமும் வேறு மாதிரி இருக்கும், அதனால் அரண்மனையைக் காலை முற்பகலில் வையுங்கள். அங்கேதான் 750 கிலோ அம்பாரியும் இருக்கிறது, விஜயதசமியன்று சாமுண்டீஸ்வரியை வைத்து யானை சுமப்பது. மார்க்கெட்டில் மைசூர் மல்லி, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழம் மூன்றும் புவிசார் குறியீடு வாங்கியவை. சத்தி மல்லியை முகர்ந்து வளர்ந்த மூக்கு என்ன சொல்கிறது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

கார் எதற்கு உதவும் என்றால் சாமுண்டி மலைக்கு. எல்லோரும் மேலே போய், கும்பிட்டு, அதே காரில் இறங்கி வழியில் நந்தியிடம் ரெண்டு நிமிஷம் நிறுத்துவார்கள். நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம். ஆயிரம் படியில் நந்தி இருப்பது அடியிலிருந்து எழுநூறாவது படி வாக்கில். மேலே தரிசனம் முடிந்ததும் பெரியவர்களைக் காரில் நந்திக்கு அனுப்பிவிட்டு, நீங்களும் பசங்களும் முந்நூறு படி இறங்கி வாருங்கள். இறக்கம்தான், மூச்சு வாங்காது, மைசூர் முழுதும் கீழே விரிந்து கிடக்கும். முடிவில் ஒரே கல்லில் செய்த பதினாறடி உயர நந்தியின் முன்னால் கார் நிற்கும். டிரைவர் வைத்துக்கொண்டு போவதில் இப்படி நாலு சௌகரியம் இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் கார் வேண்டும். காவிரித் தீவு அது. கோட்டையும் ரங்கநாதர் கோயிலும் மேற்கு முனையில், திப்புவும் ஹைதரும் அடங்கியிருக்கும் கும்பஸ் கிழக்கே, நடுவில் தரியா தௌலத். இதில் தரியா தௌலத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். 1784-ல் திப்பு கட்டிய மர மாளிகை, மேற்குச் சுவர் முழுதும் 1780 பொள்ளிலூர்ப் போர் ஓவியம். பொள்ளிலூர் வேறெங்கோ இல்லை, காஞ்சிபுரத்துப் பக்கம். வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, நடுவில் வெள்ளைக்காரத் துருப்புகள் சதுரமாக நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களுக்குள்ளே பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் கர்னல் பெய்லி விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். அந்த விரலைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பசங்க அசைய மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தோற்றவர்களின் ஆளான ஆர்தர் வெல்லெஸ்லி 1799-க்குப் பிறகு இதே மாளிகையில் குடியிருந்து, அழிந்துபோயிருந்த இந்த ஓவியத்தை மறுபடி வரையவைத்தார்.

மினிமம் கிலோமீட்டருக்கு எப்படியும் காசு கட்டியாயிற்று, அதனால் சோமநாதபுரம் போய்விட்டு வாருங்கள். 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஹொய்சளக் கேசவர் கோயில், பேலூர் ஹளேபீடோடு சேர்த்து 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பஸ்ஸில் போவது சிரமம், காரில் மைசூரிலிருந்து ஒரு மணி நேரம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: பல வருடங்களில் காலாண்டு லீவும் தசராவும் ஒன்றாகவே வந்துவிடும். விளக்கு அலங்காரம் தினமும் இருக்கும், ரூம் கிடைக்காது. விஜயதசமியன்று ஊர்வலத்துக்காக ரோடுகளை அடைத்துவிடுவார்கள், கார் இருந்தும் இல்லாத மாதிரிதான். தசரா இல்லாத நாளென்றால் அரண்மனை விளக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் அரசு விடுமுறையிலும் இரவு 7 மணி வாக்கில் கொஞ்ச நேரம்தான். ஜூவுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்த எர்டிகாவை டீசலுக்கும் மேல் ஏதோ கொஞ்சம் கொடுத்தால் ஓட்டிவருகிறேன் என்கிறார். டிராவல்ஸைவிட ரொம்பக் குறைவு. போகலாமா? (வாசகர், பெருந்துறை)

பதில்: நட்புக்காக ஓட்டிவந்தால் போகலாம். வாடகைக்கென்றால் கூடாது. வெள்ளை நம்பர் பிளேட் சொந்த உபயோகத்துக்கு, மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து வாடகைக்கு, கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்தென்றால் நாமே ஓட்டும் வாடகை வண்டி. ஓன் போர்டு, அதாவது வெள்ளை பிளேட் வண்டியின் இன்சூரன்ஸில் வாடகைக்கு ஓட்டினால் செல்லாது என்றே எழுதியிருக்கும். ஒன்றும் நடக்காதவரை மிச்சம்தான். நடந்தால் உங்களுக்கும் கஷ்டம், அவருக்கும் கஷ்டம், அப்புறம் காலமெல்லாம் பக்கத்து வீடு வேறு.

கேள்வி: நானும் மனைவியும் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் ஐந்து நாள் கார் பிடித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். எனக்கு பனியன் கம்பெனி இந்தி மட்டும் வரும். டிரைவர்கள் கடை கடையாக இழுத்துப்போவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். (வாசகர், திருப்பூர்)

பதில்: பனியன் கம்பெனி இந்தி தாராளமாகப் போதும், பேரம் பேசத் தெரியுமல்லவா.

கடைக்கு இழுப்பது உண்மைதான். கல், கம்பளம், பளிங்குக் கடைகளில் கஸ்டமரைக் கொண்டுவிட்டால் டிரைவருக்குக் கமிஷன், நீங்கள் கொடுக்கும் விலைக்குள்ளேதான் அது இருக்கும். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, பல முதலாளிகள் சம்பளத்தைக் குறைத்து அந்தக் கமிஷனை நம்பியே வண்டியை விடுகிறார்கள். முதல் நாள் காலையில், வண்டியில் ஏறும்போதே சிரித்த முகமாகச் சொல்லிவிடுங்கள்: "பாயி சாப், கடை எதுவும் வேண்டாம், அதற்குப் பதில் கடைசி நாள் நான் தனியாகத் தருகிறேன்." சொன்னபடி கொடுக்கவும் வேண்டும். நாள் போன பிறகு முகத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னால் வேலைக்காகாது.

தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை லீவு. செங்கோட்டை திங்கள். இந்த இரண்டையும் வைத்துத்தான் பயணத் தேதியே போடவேண்டும், முதலில் டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம் பார்ப்பதல்ல. தாஜுக்கு 500 மீட்டர் முன்னாலேயே பெட்ரோல் டீசல் வண்டிகள் நின்றுவிடும், அங்கிருந்து பேட்டரி வண்டி அல்லது நடை. பார்க்கிங்கில் கார் நிற்கும் முன்பே நாலு பேர் கதவைப் பிடித்துக்கொண்டு கைடு என்பார்கள். ஃபதேபூர் சிக்ரியிலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் மோசமாக. கைடு வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டையைக் கேளுங்கள், அட்டையில் உள்ள முகமும் எதிரே உள்ள முகமும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் போகும் வழியில் அபானேரி என்று கேட்டு வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். பெரிய ரோட்டிலிருந்து சற்று உள்ளே போகவேண்டும், டிரைவர் நேரமாகும் என்பார், விடாதீர்கள். சாந்த் பாவ்ரி என்ற படிக்கிணறு, மூன்று பக்கமும் முக்கோணம் முக்கோணமாக ஏறக்குறைய 3,500 படிகள் கீழே இறங்குகின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. கிணறு வெட்டியே நொடித்துப்போன குடும்பங்களைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம், நமக்கு அது தாஜைவிட ஒரு படி மேலாகவே தோன்றும் என்பது என் கட்சி.

ஜெய்ப்பூரில் பழைய நகரம் 1727-ல் ஜெய்சிங் மன்னர் கட்டம் போட்டுக் கட்டியது, நேர் நேராக அகலமான வீதிகள், ஆனால் இன்றைய நெரிசலில் காருக்குள் உட்கார்ந்தால் ஹாரன் சத்தம்தான் மிச்சம். காலை 7 மணிக்கு ஹவா மஹால் முன்னால் இறங்கிக்கொண்டு வண்டியை அனுப்பிவிடுங்கள். 953 ஜன்னல் வைத்த அந்த முகப்பை எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நின்று காலை வெயிலில் பார்ப்பதுதான் பார்வை, உள்ளே போகும் வழி பின்பக்கச் சந்தில். ஜந்தர் மந்தர், சிட்டி பேலஸ் எல்லாம் நடை. கால் வலித்தால் பேட்டரி ரிக்‌ஷா, இல்லையென்றால் படீ சௌபட் என்ற சதுக்கம் வரை மெட்ரோவே வந்துவிட்டது. ஆமேர் கோட்டை, நாகர்கர் கோட்டை, ஹவா மஹால், ஜந்தர் மந்தர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு நாள் செல்லும் ஒரே டிக்கெட் உண்டு, சிட்டி பேலஸுக்குத் தனி. கார் ஆமேருக்கும் நாகர்கருக்கும். ஏரிக்கு நடுவில் நிற்கும் ஜல் மஹாலை ரோட்டில் நின்றுதான் பார்க்க முடியும், படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

துணிக்காரர் நீங்கள், கடைதான் வேண்டாமே தவிர சாங்கானேர் வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் அந்த ஊர். மரக்கட்டையைச் சாயத்தில் தோய்த்து, துணியில் வைத்து, கையின் அடிப்பாகத்தால் ஓங்கி ஒரு தட்டு. அடுத்த அச்சு முன் அச்சோடு மயிரிழை கூட விலகாமல் உட்காரும். பிரிண்டிங் யூனிட்டில் ரெஜிஸ்டர் விலகிப்போச்சு என்று தலையில் கைவைத்த அனுபவம் உங்களுக்கு இருக்கும், நீங்கள் நின்று பார்ப்பீர்கள். அப்புறம் ஜோஹரி பஜாரில் ஒட்டகம் போட்ட டி-ஷர்ட் ஒன்றைப் பிரியமாக எடுத்துக் காட்டுவார்கள், காலருக்குப் பின்னால் லேபிளைப் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் சந்தில் தைத்ததாகக் கூட இருக்கும்.

கேள்வி: நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டறவனுங்க. எல்லாரும் டிரைவரப் பத்தியே கேக்கறாங்க, டிரைவர் யாரக் கேக்கறதுங்க? லாட்ஜுல பார்ட்டிக்கு மூணு ரூம் போடுவாங்க, நமக்கு வண்டிதானுங்க. கொசுக்கடி, கதவத் தொறந்தா குளிரு, சாத்துனா புழுக்கம். வெடியக்கால நாலு மணிக்கு எழுப்பி சன்ரைஸ் பாக்கோணும்பாங்க. ஒரு ஒரம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா சாப்பிட்டயான்னு கேக்க நாதி இல்லீங்க. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: உங்கள் கடிதத்தை அப்படியே போட்டிருக்கிறேன், பதில் உங்களுக்கல்ல, படிக்கிற மற்றவர்களுக்கு.

ரூம் போடும்போது டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று லாட்ஜில் கேளுங்கள். பல இடத்தில் டிரைவர்களுக்கென்று ஒரு ஹாலும் குளிக்க பாத்ரூமும் இருக்கிறது, கேட்டால்தான் திறந்துவிடுவார்கள். இல்லையென்றால் சின்ன ரூம் ஒன்று போட்டுக்கொடுங்கள். ஏழு பேர் பங்கிட்டால் தலைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட வராது. ஏசி போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே தூங்கச் சொல்வது புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் புகை உள்ளே சேர்ந்து உயிரே போயிருக்கிறது, விளையாட்டல்ல. மோட்டார் வாகனத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டது. நாம் காலை நாலு முதல் இரவு பதினொன்று வரை ஓட்டவைத்துவிட்டு, "கண்ணு, தூக்கம் வருதா, பாட்டுப் போடவா" என்கிறோம். பாட்டு தூக்கத்தை விரட்டாது. ராத்திரி ஓட்டியவரை மறுநாள் காலை மலை ஏறச் சொல்வது நம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாமே செய்கிற வேலை.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். யார் என்ன ஜாதி என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு தனி மேஜை காட்டுகிற வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன, எழுதவே கூச்சமாக இருக்கிறது. தனியாகச் சாப்பிட்டால்தான் சௌகரியம் என்று அவராகச் சொன்னால் காசைக் கையில் கொடுத்துவிடுங்கள், பேட்டாவில் கழிக்காதீர்கள்.

உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும், பொள்ளாச்சிக்காரரே. "உள்ளார ஒண்ணும் இல்லீங்க, எல்லாம் பழைய கல்லுங்க, வாங்க போலாம்" என்று பார்ட்டியை அவசரப்படுத்தும் வழக்கம் உங்கள் தொழிலில் நிறைய. ஊர் ஊராக இத்தனை காலம் ஓட்டியிருப்பீர்கள், பாதிக் கோயிலுக்குள் நீங்களே போயிருக்க மாட்டீர்கள். அடுத்த தடவை வண்டியைப் பூட்டிவிட்டு நீங்களும் உள்ளே போய்ப் பாருங்கள். டிக்கெட்டை பார்ட்டி எடுத்துக்கொடுக்கட்டும்.

கேள்வி: கரூரிலிருந்து காரில் தஞ்சாவூர் ஒரே நாளில் போய்வர முடியுமா? பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாதாமே, எந்த நேரத்தில் போனால் அதைப் பார்க்கலாம்? (கல்லூரி மாணவர், கரூர்)

பதில்: எந்த நேரத்தில் போனாலும் நிழல் விழும், தம்பி. காலையிலும் சாயங்காலத்திலும் நன்றாக நீளமாக விழும், நின்று போட்டோவே எடுக்கலாம். 1010-ல் ராஜராஜன் 200 அடிக்கு மேல் கல்லை அடுக்கி எழுப்பியதே போதுமான அதிசயம், நிழலை வேறு பிடுங்க வேண்டியதில்லை. கைடு அந்தக் கதையைச் சொன்னால் சண்டை போடாமல் தரையைக் காட்டுங்கள்.

திருச்சி வழியாக ஒரே நாளில் தாராளமாக முடியும். ஐந்து மணிக்குக் கிளம்பி, வெயிலுக்கு முன்னால் கோயில், கல் சுடுகிற மத்தியானத்தில் அரண்மனையில் உள்ள வெண்கலச் சிலைகள், அப்புறம் நேரமிருந்தால் தாராசுரம். கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மூன்று கோயிலின் பார்க்கிங்கைத்தான் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: எங்க அம்முச்சிக்கு எண்பது வயசு ஆகுதுங்க. ஒரு தடவ மதுரை மீனாட்சிய பாத்துப்போடோணும்ங்குது. கார் கோயில் வாசல் வரைக்கும் போகுமுங்களா? (வாசகி, நாமக்கல்)

பதில்: போகாது. கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. முடியாதவர்களுக்கு அங்கே பேட்டரி கார் உண்டு, சக்கர நாற்காலியும் கேட்கலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்கு மேல்தான் திறப்பு, அம்முச்சியை அந்த நேரத்தில் வாசலில் காயவிடாமல் காலையில் நேரத்தோடு சேர்ந்துவிடுகிற மாதிரி கிளம்புங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் திண்டாடுவது இதில்தான். 2018 தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் செல்போன் கூடாது. போன்களையெல்லாம் டிரைவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவீர்கள், வெளியே வந்ததும் டிரைவரைக் கூப்பிடப் போன் இருக்காது. நாலு பக்கமும் கோபுரம், கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தோடு வந்தால் எந்த வாசலில் வந்து விழுந்தோம் என்று நமக்கே புரியாது. அதனால் இறங்கும்போதே எந்தக் கோபுர வாசல், எந்தக் கடை முன்னால், எத்தனை மணி என்று பேசிக்கொள்ளுங்கள். செருப்பும் அந்த வாசலிலேயே. டிரைவர் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அம்முச்சியின் சுருக்குப் பையில் போட்டுவிடுங்கள், உங்களில் யார் தொலைந்தாலும் அம்முச்சியிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.